கரையான் தின்ற ஏடும் உறைந்துபோன திரையும்

தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் பூட்டிய அறை ஒன்றில் கிடந்ததும், கதவைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்துவிட்டிருந்ததும் தமிழர் பலருக்கும் தெரிந்த கதை. உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் இதைச் சொல்கிறது. அந்த ஏடுகளை மீட்ட சோழ மன்னன் ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் நம் நினைவில் நிற்கிறார்கள்; கதையின் பிற்பகுதி அவ்வளவாக நிற்பதில்லை. ஏடு கிடைத்துவிட்டது, பாட்டு கிடைக்கவில்லை. சொல் இருந்தது, அதை எந்தப் பண்ணில் எப்படிப் பாடுவது என்பதை ஏட்டால் சொல்ல முடியவில்லை. அதற்காக எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, அவரைக் கொண்டு பண் வகுத்தார்கள் என்கிறது புராணம். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊர்தான் அது. ஏடு கிடைத்த ஊரும் பண் கிடைத்த ஊரும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

இதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ராஜராஜனுக்கு முன்பே கோயில்களில் திருப்பதியம் பாடப்பட்டதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அவன் காலத்திலேயே தஞ்சைப் பெரிய கோயிலில் 48 பேர் பதியம் பாட நியமிக்கப்பட்டிருந்தார்கள். பாடத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்த நாட்டில் பாட்டு அடியோடு மறந்துபோயிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இந்தக் கதையில் ஓர் உண்மை பத்திரமாக இருக்கிறது. எதில் பதிந்துவைக்கிறோமோ அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதற்கு மேல் உள்ளது வெளியே நின்றுவிடும். ஓலைக்குள் எழுத்து அடங்கியது, பண் அடங்கவில்லை. இன்று ஒலித்தொகுப்பு மென்பொருள் பாதி வேலையில் ‘ஹேங்’ ஆகி, பிராசஸர் மீட்டர் உச்சியைத் தொட்டு, பாட்டு கரகரவென்று உடைந்து திரை உறைந்துபோகும்போது நேர்வதும் இதுதான். இதைக் கணினி கொண்டுவந்த புது நோய் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நோய் பழையது என்பதும், அதற்கு இந்த மண்ணில் பாட்டைப் பதிந்தவர்கள் கண்ட மருந்தும் பழையது என்பதும் என் வாதம். எதை முன்கூட்டியே செய்து முடிக்கலாம், எது அந்தந்த நொடியில் நடந்தே தீர வேண்டும் என்று பிரிப்பதே அந்த மருந்து.

முதலில் இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்த வேலை சென்னைக்கும் வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில நொடிகளும்தான் இடம். ஓர் இரவு முழுக்க ராகம் பாடியவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் என்னவாக இருந்திருக்கும் என்பதற்குச் சிதம்பரத்தோடு ஒட்டிய ஓர் உதாரணமே போதும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேப மேடைக்காகப் பிறந்தது. நின்று, விரித்து, திரும்பத் திரும்பப் பாடி, சிதம்பரம் போகும் ஏக்கத்தைக் கேட்பவர் நெஞ்சில் ஏற்றுவதற்காக எழுதப்பட்டது. நாளை நாளை என்று காத்திருந்ததாலேயே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றவரின் காத்திருப்பு, தட்டுக்கு வந்தபோது மூன்று நிமிடத்தில் முடிந்தாக வேண்டியிருந்தது. 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் ஜெமினி படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தார்கள். ஓதுவார் மரபில் தேறிய தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். திரைக்கும் தட்டுக்கும் பாடிய அந்தத் தலைமுறை, அந்த மூன்று நிமிடக் கெடுவைச் சொந்த உடம்பில் வாங்கிக்கொண்ட தலைமுறை. எந்தச் சங்கதியை விடுவது, எந்த அடியை ஒரு முறையோடு நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் ஊசி மெழுகைத் தொடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். ஒரு பிசகு நேர்ந்தால் அந்த மெழுகுத் தட்டு வீண்; மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் அண்ணாமலைநகர் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து சந்தித்தது. அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரியைத் தொடங்கினார்; 1941இல் தமிழிசை மாநாடு அங்கே கூடியது; தமிழ்ப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு பல்கலைக்கழகம் நூல்களாக வெளியிட்டது. சுரக் குறிப்பும் ஒரு பதிவுதான். பாட்டின் எலும்புக்கூட்டை அது துல்லியமாகப் பிடிக்கும். கமகம் என்னும் சதையைப் பாதிதான் பிடிக்கும். ஆகவே குறிப்பு அச்சில் இருந்தது, குரல் வகுப்பறையில் இருந்தது. ஏட்டையும் எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பழைய ஏற்பாட்டை அந்தக் கல்லூரி இன்னொரு வடிவில் தொடர்ந்தது.

ஒலிநாடா வந்தபோது கெடு கொஞ்சம் தளர்ந்தது, போய்விடவில்லை. 1980களில் தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலக் கடலூரிலும் சிதம்பரத்திலும் பேருந்து நிலையப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் என்ற தொழில் தழைத்தது. வாடிக்கையாளர் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் அதைத் தட்டிலிருந்து காலி கேசட்டுக்கு ஏற்றித் தருவார். வெளியிலிருந்து பார்த்தால் பொத்தானை அழுத்துகிற வேலை. உள்ளே கணக்கு இருந்தது. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகாமல் இருக்கப் பாட்டுகளின் நீளத்தைக் கூட்டி, வரிசையை மாற்றி, நான்கு நிமிடப் பாட்டுக்குப் பதில் மூன்றரை நிமிடப் பாட்டைச் செருக வேண்டும். நாடா ஓடத் தொடங்கிய பிறகு இதில் எதையும் செய்ய முடியாது. நாடாவுக்கு முன்பு யோசி, ஓடும்போது கை வைக்காதே என்பது அந்தத் தொழிலின் எழுதாத விதி. அந்தக் கடைகள் திரைப்பாட்டை மட்டும் பதியவில்லை. கோயில் உற்சவத்து நாகசுரம், ஓதுவார் பாடிய பதிகம், உள்ளூர்க் காலட்சேபம், கல்யாண வீட்டுப் பாட்டுக் கச்சேரி எல்லாம் அவற்றின் வழியாகத்தான் நகலெடுக்கப்பட்டு வீடு வீடாகப் போயின.

தொண்ணூறுகளின் இறுதியில் அந்தக் கடைகளின் மேசைகளுக்குக் கணினி வந்தபோது, முதன்முறையாகக் கொள்ளளவே இல்லாதது போல ஒரு தோற்றம் உண்டானது. திரையில் பாட்டு நீண்டுகொண்டே போகும். வெட்டலாம், ஒட்டலாம், பிடிக்காவிட்டால் பின்வாங்கலாம். தோற்றத்துக்குப் பின்னால் இருந்த எண்களைப் பார்ப்போம். குறுந்தகட்டுத் தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், ஸ்டீரியோ என்றால் இரண்டு மடங்கு. ஆக நிமிடத்துக்குப் பத்து எம்.பி.க்குச் சற்று மேல். தேவாரம் ஏறக்குறைய 8,200 பாடல்கள். ஒரு பாடலுக்குத் தட்டின் ஒரு பக்கம் என்று வைத்தால் 4,100 தட்டுகள் வேண்டும். பாடலுக்கு இரண்டு நிமிடம் என்று கொண்டால் அறுபது நிமிடக் கேசட்டுகள் 270க்கு மேல் வேண்டும். அதையே கணினியில் சுருக்காமல் ஏற்றினால் 160 ஜி.பி.யைத் தாண்டும், அப்போது புழங்கிய 4 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கில் நாற்பது நிரம்பிவிடும். இதைவிட உறைக்கும் கணக்கு ஒன்று உண்டு. அந்நாளைய கணினிகள் பலவற்றில் நினைவகம் 32 எம்.பி.தான். மூன்று நிமிட ஸ்டீரியோ ஒலி 30 எம்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கம் எவ்வளவு பாட்டைத் தாங்கியதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அந்தக் கணினியின் நினைவகமும் ஒரே நேரத்தில் தாங்கியது. அதற்கு மேல் போனால் விண்டோஸ் டிஸ்க்கையே நினைவகமாக எடுத்துக்கொள்ளும். டிஸ்க் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. முன்பக்கச் சின்ன விளக்கு அணையாமல் எரியும். மவுஸ் நகரும், மற்றது எதுவும் நகராது. ஹேங் என்று சொன்னது இதைத்தான்.

நினைவகம் பெருகிய பிறகு ஹேங் குறைந்தது. அதன் இடத்தில் பிராசஸர் திணறல் வந்தது. இதன் உள்வேலையைப் புரிந்துகொள்ள கடலூர்ப் பகுதிக்காரர்களுக்கு வீராணம் ஏரியைவிட நல்ல உவமை கிடைக்காது. ஏரியில் நீர் இருக்கும்வரை மேலே வரத்து ஏறி இறங்கினாலும் மதகில் ஓட்டம் அறாது. ஒலி மென்பொருளிலும் அப்படி ஒரு சிற்றேரி உண்டு; பஃபர் என்பார்கள். 256 மாதிரிகள் கொண்ட பஃபர் ஒலிக்கு 5.8 மில்லிநொடிக்குத்தான் போதும். அதற்குள் பிராசஸர் அடுத்த 256 மாதிரிகளுக்கான எதிரொலி, இரைச்சல் நீக்கம், சுருதித் திருத்தம் முதலிய எஃபெக்ட்டுகளின் எல்லாக் கணக்கையும் முடித்து ஏரியை நிரப்பிவிட வேண்டும். ஒரு முறை தவறினாலும் மதகு வறண்டுபோகும். காதில் ‘டிக்’ என்று விழும். பஃபரை 1,024 ஆக்கினால் 23 மில்லிநொடி அவகாசம் கிடைக்கும். ஆனால் பாடுகிறவர் ஹெட்போனில் தம் குரலையே தாமதமாகக் கேட்டுத் தாளம் தடுமாறுவார். ஆகவே பாடும்போது சிறிய பஃபர், எஃபெக்ட் எதுவும் வேண்டாம். பாடி முடிந்து கலவை செய்யும்போது பெரிய பஃபர், எஃபெக்ட் எல்லாம் அப்போது. சராசரியில் பிராசஸர் பாதி சும்மா இருக்கிறது என்று மீட்டர் காட்டினாலும் ஒலி உடைவது இதனால்தான். கெடு ஒவ்வொரு துளிக்கும் தனியாக வருகிறது. மற்ற நேரத்து ஓய்வை அதில் ஈடுகட்ட முடியாது. ஒரு குரலின் மேல் வரிசையாகப் போட்ட எஃபெக்ட்டுகளை பிராசஸரின் நான்கு கோர்களுக்குப் பங்கிடவும் முடியாது. முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது தொடங்கும்.

எவ்வளவு நுட்பமான இடத்தில் இந்த இயந்திரம் சிக்கிக்கொண்டது என்பதற்கு ஒரு சான்று. இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் பென்டியம் 4 கணினி வைத்திருந்தவர்கள் உலகெங்கும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பாட்டு முழங்கும்போது மீட்டர் அமைதியாக இருக்கும். பாட்டு நின்று எதிரொலி தேய்ந்து அடங்கும் நேரத்தில் மீட்டர் உச்சிக்குப் பாயும். எதிரொலி தேயத் தேய அதன் எண் பூச்சியத்தை நெருங்குகிறது, பூச்சியம் ஆவதில்லை. தசமப் புள்ளிக்குப் பின், ஒன்றுக்கு முன்னால் 37 பூச்சியம் போட வேண்டிய அளவுக்குச் சிறிதாகும்போது அது சாதாரண எண்வடிவத்துக்குள் அடங்குவதில்லை. அதைக் கையாள அந்தச் சில்லு பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது. காதுக்கு எட்டாத ஒலியைக் கணக்கிடுவதில் இயந்திரம் மூச்சுத் திணறியது. மென்பொருள் எழுதியவர்கள் காதில் விழாத அளவு இரைச்சலைச் சேர்த்து எண்ணைப் பெரிதாக்கினார்கள், அல்லது அத்தனை சிறிய எண்ணைப் பூச்சியமாகவே கொள்ளும்படி சில்லுக்குக் கட்டளையிட்டார்கள். எதை விட்டுவிடலாம் என்று முன்பே முடிவு செய்த அந்த வேலை, தட்டுக்குப் பாடியவர் சங்கதியை விட்ட வேலைக்கு உறவு.

கடற்கரை ஊர்களின் வெக்கையும் இதில் சேர்ந்துகொண்டது. சிற்றூர்ப் பதிவறை என்பது சன்னலை அடைத்து, சுவரில் மெத்தை அடித்த சின்ன அறை. பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அறை வேகும். பிராசஸர் சூடேறி ஓர் அளவைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் தடையில்லாமல் ஓடிய அதே பாட்டு அக்கினி நட்சத்திரத்து மதியத்தில் உடையும். குற்றவாளியை மென்பொருளில் தேடுவார்கள், அவர் கணினிப் பெட்டிக்குள் விசிறியில் படிந்த தூசியாக இருப்பார். இதற்கு மேல் மின்வெட்டு. நெய்வேலி அனல்மின் நிலையம் 1962 முதல் மின்சாரம் தரும் இதே கடலூர் மாவட்டத்தில், 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் போனது. அதற்குச் சற்று முன் 2011 டிசம்பர் 30 காலை கரையேறிய தானே புயல் பல ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் வைத்தது. சேமிக்காத வேலை அத்தனையும் அந்த நொடியோடு போகும் என்ற நிலையில், ஒவ்வோர் அடியையும் டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது சிக்கனம் மட்டுமன்று, பிழைப்பு.

இந்த இடத்தில்தான் பழைய முறை புது உடையில் திரும்பி வந்தது. குரலில் போட்ட எஃபெக்ட்டுகளை ஓட ஓடக் கணக்கிடாமல், ஒருமுறை கணக்கிட்டு முடிவை ஒலியாகவே எழுதிவைத்துவிட்டால் பிராசஸருக்கு அதைப் படிக்கும் வேலை மட்டும் மிஞ்சும். பெரிய மென்பொருள்கள் இதற்கு ஃப்ரீஸ் என்று பெயர் வைத்தன. தானாக உறைந்துபோவதைத் தடுக்க, வேண்டியதை நாமே முன்கூட்டி உறையவைப்பது. 1966-67இல் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் நான்கே தடம் கொண்ட நாடா இயந்திரத்தில் சார்ஜென்ட் பெப்பர்ஸ் தொகுப்பைப் பதிந்தபோது, நான்கு தடத்தையும் கலந்து இன்னொரு நாடாவில் ஏற்றிவிட்டு அடுத்த வாத்தியங்களுக்கு இடம் உண்டாக்கியதும் இதே வேலைதான். 2000இல் வெளிவந்த இலவச மென்பொருளான ஆடாசிட்டி இருபது ஆண்டுக்கு மேல் எஃபெக்ட்டைக் கணக்கிட்டு டிஸ்க்கில் எழுதும் முறையை மட்டுமே வைத்திருந்தது. ஓட ஓட எஃபெக்ட் கேட்கும் வசதி 2022இல்தான் அதில் வந்தது. 2003இல் அடோபி வாங்கி ஆடிஷன் என்று பெயர் மாற்றிய கூல் எடிட்டிலும் ஒற்றை அலைவடிவத் திரையில் வேலை செய்தால் இதே கதைதான். காசு குறைந்த கடைகளில் இவை பரவலாகப் புழங்கியதை வறுமையின் அடையாளமாக நான் பார்க்கவில்லை. பலவீனமான கணினிக்கு ஏற்ற வேலைமுறை அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கும் நாட்டியாஞ்சலி போன்ற மேடைகளில் பதிவுசெய்த பாட்டுக்கு ஆடுபவர்களும் உண்டு. அந்தப் பாட்டின் சுருதி மாறாமல் காலத்தை மட்டும் மெதுவாக்குவது கனமான கணக்கு. அதை மேடைக்கு முந்தைய நாளே முடித்து ஒற்றை ஒலிக்கோப்பாகக் கொண்டுபோகிறவர்களுக்கு, ஆடும் நேரத்தில் பிராசஸரைப் பற்றிய கவலை இல்லை.

நல்ல கணினி வாங்கினால் இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. இன்றைய மலிவான மடிக்கணினிகூட 1999இல் பெரிய ஸ்டுடியோவுக்கும் வாய்க்காத வேகம் கொண்டது, 32 எம்.பி. நினைவகத்தில் அவதிப்பட வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் வேகம் பெருகிய ஒவ்வொரு முறையும் எஃபெக்ட்டுகளின் பசியும் பெருகியது. ஒரு கோயில் மண்டபத்தின் எதிரொலியை அப்படியே குரலில் ஏற்றும் கணக்கு, இயந்திரக் கற்றல் கொண்டு பாட்டிலிருந்து இரைச்சலைப் பிரிக்கும் கணக்கு இவையெல்லாம் புதிய கணினியையும் நிறுத்திவிடும் திறன் கொண்டவை. தட்டின் மூன்று நிமிடம் கேசட்டின் முப்பது ஆனது. அதற்காகக் கடைசிப் பாட்டு அறுபடுவது நிற்கவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இசைத்தட்டின் கெடு கலையைப் பாதித்தது, பாடும் முறையையே மாற்றியது; பிராசஸர் திணறல் ஒரு பழுது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வேறுபாடு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். தட்டின் எல்லை பாடுபவருக்குத் தெரிந்தது, அவர் அதற்குத் தயாரானார். கணினி தன் எல்லையை மறைத்தது, உடைந்தபோதுதான் தெரிந்தது. ஆனால் அந்த மறைப்பும் கலையைப் பாதித்தே இருக்கிறது. முடிவில்லாமல் திருத்தலாம் என்ற நினைப்பில் முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட்ட முடிவுகள் எல்லாம் பிராசஸரின் தலையில் சுமையாக ஏறுகின்றன. முப்பது எஃபெக்ட் திறந்து கிடக்கும் திரை, முப்பது இடத்தில் மனம் தீர்மானிக்காத திரை. எல்லையைக் கண்டு பாடியவர்களின் பதிவு நம்மிடம் நிற்பதற்கும், அளவில்லாமல் பதிந்தவர்களின் பாதி வேலை திறக்கவே முடியாத ப்ராஜெக்ட் கோப்புகளாகக் கிடப்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது. ஒரு மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்பை அடுத்த தலைமுறைக் கணினி படிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சுருக்காத ஒலிக்கோப்பை எதிலும் திறக்கலாம்.

திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் சுற்றூர்களிலும் அலமாரிகளில் இன்னும் அந்தக் கேசட்டுகள் கிடக்கின்றன. கேசட்டைக் கரையான் தேடி வருவதில்லை. கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை வருகிறது. வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினியில் ஏற்றும்போது இரைச்சல் நீக்கம், எதிரொலி எதையும் போடாதீர்கள். நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில், கரகரப்போடு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பழைய கணினியே பெரும்பாலும் போதும், அது எளிதில் ஹேங் ஆகாது. அந்த மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். சுத்தம் செய்வதை நகலில் பிறகு செய்யலாம், பத்து ஆண்டு கழித்தும் செய்யலாம். பாடியவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள். எருக்கத்தம்புலியூரிலிருந்து வந்து பண் வகுத்த அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் நமக்குச் சொல்லவில்லை.